கொரியப் பாடகரோடு சிநேகிதம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கே-பாப் என்கிற கொரியப் பாப் இசை கேட்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த வசனம் காதில் விழுந்திருக்கும்: "ஒரே ஒரு தடவை பேசிட்டா போதும், அவரு எனக்கு ஃப்ரெண்டாயிடுவாரு." பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பேசுவதற்கு வழி நிஜமாகவே இருக்கிறது. தென்கொரியாவில் அதற்கென்று விலை, விதி, குலுக்கல் எல்லாம் வைத்து முறையாக நடத்துகிறார்கள். சிக்கல், பேசிய பிறகுதான்.

முதல் வழி, கையெழுத்து நிகழ்ச்சி. புது ஆல்பம் வெளிவரும் வாரங்களில் இசைக்கடைகள் இதை அறிவிக்கும். சொன்ன நாள்களுக்குள், சொன்ன கடையில் ஆல்பம் வாங்கவேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கினால் செல்லாது. ஓர் ஆல்பத்துக்கு ஒரு வாய்ப்பு, பிறகு குலுக்கல். பெரும்பாலும் 30 முதல் 100 பேர் வரை தேர்வாவார்கள். ஒன்றே ஒன்று வாங்கியவருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம். ஆனால் அதை நம்பி ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் குறைவு. எந்தக் குழுவுக்கு எத்தனை வாங்கினால் பெயர் வரும் என்று ரசிகர்களே ஓர் எண்ணைக் கணித்து வைத்திருப்பார்கள். அதற்கு 'கட்' என்று பெயர். புகழ்பெற்ற குழுவென்றால் அது நூறைத் தாண்டும்.

வெளிநாட்டு ரசிகர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆர்டர் போடும்போது செல்லப்பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அரங்க வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால், அத்தனை ஆல்பத்தையும் சுமந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்.

உள்ளே போனால் நீளமான மேசை. பாடகர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பெயரைச் சின்ன ஒட்டுத்தாளில் எழுதி ஆல்பத்தில் ஒட்டித் தரவேண்டும், அவர் பார்த்து எழுதுவார். கேள்வி எழுதிய தாளைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. பரிசுப் பொருளைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், கடிதம் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் வாயைத் திறந்து ஊர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் நிற்கும் ஊழியர் அடுத்தவரிடம் நகரச் சொல்லுவார். திருப்பதி சந்நிதியில் 'ஜரகண்டி' கேட்டவர்களுக்கு அந்தத் தொனி உடனே புரியும்.

இரண்டாவது வழி வீடியோ கால். 2020-இல் கொரோனா வந்தபோது பரவிய ஏற்பாடு, இன்றும் தொடர்கிறது. தேர்வாகும் முறை அதேதான். ஒரு பாடகரோடு ஒன்று, இரண்டு நிமிடம். நிறுவனத்தின் போனிலிருந்து, பெரும்பாலும் காகாவோடாக் என்ற கொரிய அரட்டைச் செயலி வழியாக அழைப்பு வரும். நீங்கள் அழைக்க முடியாது. கெட்டுப்போவது எப்போதும் சின்ன விஷயத்தில்தான். நிறுவனத்தின் நட்புக் கோரிக்கையை ஏற்க மறந்திருப்பார்கள். போன் சைலன்ட்டில் இருக்கும். சரியாக அந்த நேரத்தில் கடன் வேண்டுமா என்று யாராவது அழைப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பத்து விநாடி போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாவதற்கே ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்றது அது. நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். ஓர் அழைப்புக்கு ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். சாதாரண நட்புக்கே 2,000 அழைப்பு வேண்டும். ஒரு தடவை தேர்வாக 50 ஆல்பம் என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் ஆல்பம். ஆல்பம் 15,000 வொன் என்றால் 150 கோடி வொன், நம் பணத்தில் ஒன்பது கோடி ரூபாயை ஒட்டி வரும். பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு இருபது அழைப்பு கிடைத்தால் நூறு வருஷம் ஆகும். இத்தனைக்கும் அது நெருங்கிய நட்புகூட இல்லை, பார்த்தால் தலையாட்டுகிற நட்பு.

கட்டிப்பிடித்தால் சீக்கிரம் ஆகுமா? 2024 ஜூன் 12-இல் பிடிஎஸ் என்ற கே-பாப் குழுவின் பாடகர் ஜின் ராணுவ சேவை முடித்து வந்தார். மறுநாளே தலைநகர் சியோலில் 1,000 ரசிகர்களை ஒவ்வொருவராக அணைத்தார். ஆளுக்குச் சில விநாடிகள். அதிலும் அவர் அனுமதியில்லாமல் முத்தமிட முயன்றவர்கள் இருந்தார்கள், புகார் போலீஸ் வரை போனது. வீட்டு வாசலில் காத்திருப்பது, விமான இருக்கை விவரத்தை விலைக்கு வாங்கிப் பின்தொடர்வது இதெல்லாம் இன்னும் மோசம். 2021 அக்டோபர் 21 முதல் அங்கே பின்தொடர்தல் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி வொன் வரை அபராதம்.

செலவு குறைந்த வழி, 'பபிள்' என்ற செயலி. ஒரு பாடகருக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. அவர் அனுப்பும் செய்தி, உங்களுக்கு மட்டும் அனுப்பியது போலவே திரையில் வரும். "சாப்பிட்டாயா?" என்று கேட்பார், கொரியர்களுக்கும் நம்மைப் போலவே அதுதான் நலம் விசாரிப்பு. கூடவே உங்கள் பெயரும் இருக்கும். அவர் ஒரு குறியைத் தட்டினால் போதும், அந்த இடத்தில் ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் பெயரைச் செயலி போட்டுக்கொள்ளும். அவருடைய ஒரு செய்திக்கு நீங்கள் மூன்று பதில்தான் அனுப்பலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முப்பது எழுத்துதான், நாளாக ஆகக் கூடும். இடையில் சந்தாவை விட்டால் மறுபடி முப்பதிலிருந்து தொடங்கவேண்டும். மனிதர்களுக்குள் சண்டை வந்து பேச்சு நின்றால்கூட இவ்வளவு கறார் கிடையாது.

இப்படித் தொலைவிலிருந்து பிறக்கும் நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு பேர் 1956-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வானொலியையும் தொலைக்காட்சியையும். இப்போது உங்கள் சமையலறையில் நான் உரிமையோடு பேசிக்கொண்டிருப்பதும் அந்த வகைதான். உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சரி, குலுக்கலில் பெயர் வந்தேவிட்டது, தொண்ணூறு விநாடி கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்? "என்னை ஞாபகம் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். பாவம், பொய் சொல்லவேண்டியிருக்கும். பெயரைக் கொரிய எழுத்தில் பெரிதாக எழுதிக் கேமராவுக்கு நேரே பிடியுங்கள், உச்சரிப்பில் விநாடி வீணாகாது. ஒரே ஒரு கேள்வி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்வதாக இருக்கட்டும். அழுகை வரும் என்று தெரிந்தால் கேள்வியையும் அட்டையில் எழுதிவிடுங்கள். போனை முழுக்கச் சார்ஜ் போட்டு நிமிர்த்தி வையுங்கள். கொரிய நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஏழு என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை, கல்லூரி விடாத நேரம். விடுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது என்பது உங்கள் பாடு.

வணக்கம்.