மிச்சத்தை அடுத்த வாரம் கொடு தம்பி

(சிங்கப்பூர் தேசிய நூலகக் கட்டடத்தில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நான் கையில் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், மேல் மூலையில், பென்சிலில் 4.50 என்று எழுதியிருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்த விலையை எழுதியவர் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் புத்தகக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். அட்டையில் இருந்த ரூபாய் விலையைப் பார்த்தார், உதடு அசைய ஒரு கணக்குப் போட்டார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதினார். எனக்குப் பதினான்கு வயது. கையில் நாலு வெள்ளி, அதாவது நாலு டாலர்தான் இருந்தது. "மிச்சத்த அடுத்த வாரம் குடு தம்பி" என்று புத்தகத்தை நீட்டிவிட்டார்.

அடுத்த வாரம் ஐம்பது காசோடு போனேன். அவர் காசை எண்ணக்கூட இல்லை. "எதுவரைக்கும் படிச்சே?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "அப்ப இன்னும் அந்த ஆத்தங்கரை வரல" என்றார். அந்த ஆற்றங்கரை எப்போது வரும் என்று பார்க்கவே அன்றிரவு விடிய விடியப் படித்தேன்.

அந்தக் கடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். வாசலில், அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதையை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கான அசெஸ்மென்ட் பயிற்சிப் புத்தகங்கள், நாட்காட்டி, ஊதுபத்தி, வார இதழ்கள். உள்ளே போகப் போகத்தான் நாவலும் கவிதையும். கடை வாடகையைக் கட்டியது வாசலில் இருந்த சரக்கு. உள்ளே இருந்ததெல்லாம் அவருடைய ஆசை. பின்னால் நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: சென்னையிலிருந்து வரும் பெட்டிக்குக் கப்பல் கூலி உண்டு, விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பக் கட்டுப்படியாகாது. இப்போது ஜிஎஸ்டி வேறு, 9 விழுக்காடு. புத்தகத்துக்கும் விலக்கில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு கவிதைத் தொகுப்பை மூன்று வருடம் தூசி தட்டித் தட்டி வைத்திருக்க எவ்வளவு பிடிவாதம் வேண்டும்!

பெரிய புத்தகக் கடைகள் மட்டும் நிலைத்தனவா? 1997இல் வந்த பார்டர்ஸ் 2011இல் போய்விட்டது. எம்பிஎச் கடைகள் 2019இல் மூடப்பட்டன. சின்னக் கடைகளில் எனக்கு மிகவும் வலித்தது ஹாலந்து வில்லேஜில் இருந்த தம்பி இதழ்க்கடை. பெயரே நம் பெயர். எந்த நாட்டு இதழ் கேட்டாலும் தேடி எடுத்துத் தருவார்கள். வாங்காமல் நின்று புரட்டியவர்களையும் விரட்டியதில்லை. 2024 மே மாதம் அதையும் மூடினார்கள்.

சரி, நூலகம் இருக்கிறதே, கடை எதற்கு என்று கேட்பீர்கள். நூலகத்துக்குள்ளேயே நின்றுகொண்டு சொல்கிறேன், எனக்கு இந்த இடத்தின் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் இங்கே எடுத்ததை 21 நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓரத்தில் கோடு போட முடியாது. இந்தப் பென்சில் எழுத்து முப்பது வருடம் என்னோடு இருந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு, எழுதுகிறவர்களுக்கு அது தெரியும். இந்த ஊரில் 1887லேயே 'சிங்கை நேசன்' என்ற இதழ் தமிழில் அச்சாகி வந்தது. எழுதுவதற்கும் அச்சடிப்பதற்கும் நமக்கு என்றுமே ஆள் குறைந்ததில்லை. வெளியீட்டு விழா முடிந்த மறுநாள்தான் சிக்கல். மண்டபத்தில் விற்றது போக மீதிப் பெட்டிகள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் போய்விடுகின்றன. அந்தப் பெரியவர் உள்ளூர் எழுத்தாளர் யார் வந்தாலும் ஐந்து பிரதி வாங்கி வைப்பார். விற்ற பிறகு காசு. அதோடு விடமாட்டார், இதழ் வாங்க வந்தவரிடம், "நம்ம அங் மோ கியோ வட்டாரத்துப் பிள்ளை எழுதினது, ரெண்டு பக்கம் பாருங்க" என்பார். அப்படி ஒரு வாய்ச்சொல் இல்லாமல் முன்பின் தெரியாத ஒருவரின் முதல் புத்தகத்தை யார் தொடப்போகிறார்கள்?

இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. 1980இல் கட்டியது, சீனர்கள் அதைப் புத்தக நகரம் என்றே சொல்வார்கள். நான்காவது மாடியில் பஷீர் கிராஃபிக் புக்ஸ். ஓவியம், வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் தேடிப் போகும் இடம். ஒரு துறைக்கென்றே ஒரு கடை இந்த வாடகையிலும் நிற்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது.

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். கூட்டம் ஐந்து மணிக்கு முடியும். நான் இங்கிருந்து தேக்காவுக்கு நடந்தே போகப் போகிறேன், இருபது நிமிடம் ஆகும். பெரியவர் இப்போது இல்லை. ஆனால் தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கும் கடை இன்னும் அங்கே இருக்கிறது. வருகிறவர்கள் வாருங்கள். உங்களுக்குப் பிடித்ததை நீங்களே எடுங்கள். ஐம்பது காசு குறைந்தால் நான் போடுகிறேன்.