முதல் இரவிலேயே போன தடயம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"அரசை விசாரித்த அதிகாரி மர்மமாக இறந்தால் உண்மை வெளிவராமல் போகக் காரணம் அரசியல் தலையீடா, விசாரணையின் முதல் சில மணி நேர அலட்சியமா?" என்பது இன்றைய தலைப்பு. எங்கள் அணி அலட்சியம் என்கிறது. எனக்கு முன்னால் பேசிய நண்பர் அர்ஜென்டினாவின் ஆல்பெர்டோ நிஸ்மான் வழக்கைச் சொல்லி, எல்லாமே அரசியல் என்று முடித்தார். நானும் அந்த வழக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

1994 ஜூலை 18இல் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் ஆமியா என்ற யூத சமூக மையத்தில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அந்த வழக்கை விசாரித்து நடத்தும் சிறப்பு அரசு வழக்கறிஞராக 2004 முதல் பொறுப்பில் இருந்தவர் நிஸ்மான். 2015 ஜனவரி 14இல் அவர் ஒரு புகார் கொடுத்தார். வணிக லாபத்துக்காக, அந்தக் குண்டுவெடிப்பில் தேடப்பட்ட ஈரானியச் சந்தேக நபர்களைத் தப்பவைக்க அப்போதைய அதிபர் கிறிஸ்டினா கிர்ச்னரும் வெளியுறவு அமைச்சர் டிமெர்மனும் முயன்றார்கள் என்பது புகார். இருவரும் மறுத்தார்கள். 19ஆம் தேதி திங்கட்கிழமை அவர் நாடாளுமன்றக் குழு முன் விளக்க வேண்டும். ஞாயிறு இரவே, அதே நகரின் புவெர்ட்டோ மடேரோ பகுதியில் 13ஆவது மாடியிலிருந்த தன் வீட்டுக் குளியலறையில் பிணமாகக் கிடந்தார்.

அவருக்குக் காவலாக ஒதுக்கப்பட்டவர்கள் பத்துப் பேர். பத்துப் பேர், நடுவர் அவர்களே! ஞாயிறு பகலில் அவர் போனை எடுக்கவில்லை. மறுநாள் நாட்டின் அதிபர்மீது நாடாளுமன்றத்தில் பேசப்போகிறவர் பதில் சொல்லவில்லை என்றால் உடனே கதவை உடைத்திருக்க வேண்டாமா? மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்புறம் அவருடைய தாயாரை வரவழைத்தார்கள். பூட்டுத் திறப்பவரைக் கூட்டி வந்து உள்ளே போனபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. பெற்ற தாயையா முதலில் அந்த வீட்டுக்குள் அனுப்புவது? இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவே இல்லை.

கதவு உள்ளிருந்து பூட்டியிருந்தது என்றுதான் அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். தற்கொலைப் பேச்சுக்கு அதுவே பெரிய ஆதாரம். ஆனால் பின்கதவைத் திறந்த பூட்டுக்காரர், அதை யார் வேண்டுமானாலும் எளிதாகத் திறந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த அறைக்குள் என்ன நடந்தது? உடலுக்கு அடியில் .22 ரகத் துப்பாக்கி. அவரிடம் வேலை பார்த்த கணினி உதவியாளர் கொடுத்தது. சம்பவ இடத்தில் எடுத்த வீடியோ சில மாதங்கள் கழித்துத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் தடயவியல் ஆள் ஒருவர் அந்தத் துப்பாக்கியின் ரத்தத்தைக் கழிவறைக் காகிதத்தால் துடைக்கிறார். விசாரணைக்குப் பொறுப்பான வழக்கறிஞர் விவியானா ஃபெயின் அங்கேயே இருக்கிறார். பாதுகாப்புத் துறைச் செயலர் செர்ஜியோ பெர்னியும் அன்று இரவு அந்த வீட்டுக்கு வந்தவர்தான். சாட்சியாக நிறுத்த வீதியிலிருந்து அழைத்து வரப்பட்ட ஓர் இளம்பெண், வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், மாத்தே என்ற அந்நாட்டுத் தேநீர் போன்ற பானத்தைக் குடித்தார்கள், பொருட்களைத் தொட்டார்கள் என்று பின்னர் சொன்னார்.

நிஸ்மான் கையில் வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. சிறிய ரகத் துப்பாக்கி, துகள் ஒட்டாமலும் போகலாம் என்று விளக்கம் வந்தது. துடைத்த துப்பாக்கியும் மிதித்த தரையும் இருக்கும் இடத்தில் எந்த விளக்கத்தைத்தான் மறுக்க முடியும்?

எதிரணி நண்பர் கேட்டார்: "அதிபரே முகநூலில் முதலில் தற்கொலை என்கிற தொனியில் எழுதி, மூன்று நாளில் தற்கொலை இல்லை என நம்புவதாக மாற்றி எழுதினாரே, இது அரசியல் இல்லையா?" அரசியல்தான் ஐயா, நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படி மாற்றி மாற்றிப் பேச இடம் கிடைத்தது எதனால்? பேச்சை அடக்கும் சான்று ஒன்றுகூட யார் கையிலும் இல்லாததால்.

2015இல் நீதிமன்ற மருத்துவர்கள் வேறு ஆள் இருந்ததற்கான அடையாளம் இல்லை என்றார்கள். நிஸ்மானின் குடும்பத் தரப்பு நிபுணர்கள் கொலை என்றார்கள். 2015 டிசம்பரில் ஆட்சி மாறியது. 2017இல் எல்லைக் காவல் படையின் நிபுணர் குழு, இருவர் அவரைத் தாக்கி, மயக்க மருந்து கொடுத்துச் சுட்டார்கள் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி எர்கோலினி கொலை என்று தீர்மானித்தார். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆட்சி மாறியதால் அறிக்கை மாறியது என்று ஒரு சாராரும், இப்போதுதான் உண்மை வந்தது என்று இன்னொரு சாராரும் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஒரே உடல், ஒரே அறை, இரண்டு நேரெதிர் முடிவுகள். முதல் இரவில் அறையை ஒழுங்காக மூடி முத்திரை வைத்திருந்தால், எந்தக் கட்சி வந்தாலும் அந்தத் தடயத்தை மாற்ற முடியுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். அதிபரைக் கைது செய்யக் கோரும் வரைவு ஒன்று நிஸ்மான் வீட்டுக் குப்பையில் இருந்ததாக கிளரின் நாளிதழ் எழுதியது. விசாரணைத் தரப்பு மறுத்தது. அமைச்சரவைத் தலைவர் கபித்தானிச் அந்தச் செய்திப் பக்கத்தைக் கேமரா முன் கிழித்தார். மறுநாளே விசாரணைத் தரப்பு, வரைவு இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. கிழித்தது அரசியல், சரி. அவர் கிழிக்கத் துணிந்தது, தன் கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்று விசாரணை அலுவலகம் சரியாகப் பார்க்காமல் மறுத்ததால்தானே?

அதிகாரத்தில் இருப்பவர் வந்து நின்றால் கீழே உள்ளவர் என்ன செய்வார் என்பது எதிரணியின் கடைசி வாதம். "உள்ளே வராதீர்கள்" என்று சொல்லும் உரிமை விசாரணைப் பொறுப்பாளருக்கு உண்டு. யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று வாசலில் எழுதி வைக்க ஒரு காவலர் போதும். இதற்கு அமைச்சரின் அனுமதி எதற்கு?

2025 ஜனவரியில், பத்து ஆண்டு கழித்து, வழக்கை நடத்தும் வழக்கறிஞர் எதுவார்தோ தாயானோ, நிஸ்மான் தன் பணியின் காரணமாகவே கொல்லப்பட்டார் என்று எழுதினார். சுட்டது யார் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. நடுவர் அவர்களே, அதை எழுதவைத்திருக்கக்கூடிய தடயம் எந்த இரவில், யார் கையால் போனது என்பதை மட்டும் பார்த்து எங்கள் அணிக்குத் தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.