ஊர் அலமாரி
(நூலக வார விழாவில், மன்னார்குடிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர், செயலாளர் அவர்களே, மழை ஈரத்தையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நூலகப் புரவலர்களே, எனக்கு அ, ஆ பழக்கிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். ஐயா கையால் பொன்னாடை வாங்கியதில் கை இன்னும் நடுங்குகிறது. இந்த மின்விசிறிகளை வாங்கிக் கொடுத்த அரிசி ஆலை அன்பருக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். நூலகங்களின் பழஞ்சேகரிப்பில் நம் ஊர் எங்கெங்கே இருக்கிறது, அதை எப்படித் தேடுவது, நாம் என்ன செய்ய வேண்டும்.

‘கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்’ என்பார்கள். நம் கையில் இருக்கும் வெண்ணெயைப் பாருங்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் 1918 முதல் பொதுமக்களுக்கான நூலகம். அங்கே ஓலைச்சுவடி மட்டுமா இருக்கிறது? மராட்டியர் காலத்து மோடி ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட எழுத்து. அரண்மனைச் செலவு, சத்திரத்துச் செலவு எல்லாம் அதில் கணக்காகப் பதிந்திருக்கிறது. ராஜா எந்தப் போரில் வென்றார் என்பதைவிட, சத்திரத்தில் என்ன செலவானது என்பதுதான் எனக்கு வரலாறு. அப்புறம் வெங்கசாமி ராவ் 1883-இல் எழுதிய தஞ்சாவூர் மாவட்டக் கையேடு, ஹெமிங்வே 1906-இல் எழுதிய கெசட்டியர் என்னும் மாவட்ட விவர நூல். இரண்டும் ஆங்கிலம்தான். ஆனாலும் நம் ஆறும் வாய்க்காலும் கோயிலும் அவற்றில் வருகின்றன.

எப்படித் தேடுவது என்பதற்கு என் பெரியம்மா கதையையே சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. “பெரும்புயல் அடிச்ச பதினெட்டாம் நாள் நீ பொறந்தே” என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். எந்தப் புயல்? 1952-லும் இங்கே புயல், 1955-லும் புயல். ஊரில் இரண்டு கட்சி. பள்ளிக்கூடத்தில் 1955 என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பி 1954. அக்காவை விடத் தம்பி மூத்தவனா? ஓர் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, “அதெல்லாம் தெரியாதும்மா, பேப்பர் இருக்கா?” என்று கேட்டார்கள். பெரியம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், 1896-இல் திறந்தது. பழைய நாளிதழ்க் கட்டுகளைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். தாளைத் தொட்டாலே உதிர்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். கிடைத்தது! 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தில் புயல். அந்த நாளையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினால் பதினெட்டாம் நாள் டிசம்பர் 17. ஊருக்கு வந்து சொன்னேன். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினார். எழுபது வயதில், முதல் பிறந்த நாள் பாயசம்!

கதை அதோடு முடியவில்லை. பாயசம் குடிக்க வந்த பக்கத்துத் தெருக்காரர், “எங்க தாத்தா கணக்குநோட்டுல அந்தப் புயல்ல சாஞ்ச தென்னமரக் கணக்குகூட இருந்துச்சே, நந்தன வருஷம் கார்த்திகைன்னு தேதி போட்டு” என்றார். எங்கே அந்த நோட்டு என்று பதறிக் கேட்டேன். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதாம். நான் சென்னையில் நெய்க்கு அலைந்தேன், வெண்ணெய் நாலு வீடு தள்ளி இருந்தது, அதையும் எடைக்குப் போட்டுவிட்டோம்.

அதனால்தான் நான் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் கேட்கிறேன்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஓர் ‘ஊர் அலமாரி’ வேண்டும். பூட்டுப் போட்ட ஒரே ஓர் அலமாரி. கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டுமலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, குழுப் படம், கணக்குநோட்டு எல்லாம் அதில் சேரட்டும். கொடுக்க மனம் இல்லாதவர்கள் ஒரு நாள் இரவல் தந்தால் போதும், கைப்பேசியில் படம் எடுத்துத் திருப்பித் தந்துவிடலாம். படத்துக்குப் பின்னால் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதிக் கொடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.

நம்மால் முடியாததா? 1931-இல் இதே மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார் கனகசபைப் பிள்ளை. இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948-இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பிறகு நெய்க்கு ஏன் அலைய வேண்டும்? தலைவர் அம்மா அலமாரிக்கு ஒரு தீர்மானம் போட்டுத் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு மேல் பேச நேரமில்லை, தேநீர் வந்துவிட்டது. பெரியம்மாவின் கல்யாணப் பத்திரிகை இது, ஓரம் கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது. அலமாரி வரும்வரை நூலகர் அம்மா தன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கட்டும். மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.