திரை வாங்கிய கடன்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும் திரை அணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'அமெரிக்க நடிகையரின் புகழுக்குப் பெரிதும் காரணம் மேடையா, திரையா?' என்பது தலைப்பு. சற்றுமுன் பேசிய எதிரணிச் சகோதரி, "நாடகத்தை ஒரு ராத்திரிக்கு ஓர் அரங்கு ஆட்கள் பார்ப்பார்கள், படத்தை உலகமே பார்க்கும். படம் இல்லையென்றால் இவர்கள் பெயர் நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். சரி, நமக்குத் தெரியவந்தது படத்தால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியவந்தது வேறு, உருவானது வேறு அம்மா!

1947 டிசம்பரில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' நாடகம் அரங்கேறியது. பிளான்ச் என்ற நாயகியாக நடித்தவர் ஜெசிகா டான்டி. லண்டனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அந்த வேடத்துக்கு டோனி விருதும் வாங்கினார்; படத்துக்கு ஆஸ்கர் போல, பிராட்வே நாடகத்துக்கு டோனி. 1951-ல் அது படமானபோது, மார்லன் பிராண்டோ உட்பட மற்ற மூன்று முக்கிய நடிகர்களையும் மேடையிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். டான்டியை மட்டும் கழற்றிவிட்டார்கள். டிக்கெட் விற்கிற முகம் வேண்டுமாம்! விவியன் லீ வந்தார், ஆஸ்கரும் வாங்கினார். எதிரணி சிரிக்கிறது. சிரியுங்கள், சிரியுங்கள். அதே வேடத்தை விவியன் லீ 1949-லேயே லண்டன் மேடையில் ஏற்று, மாதக்கணக்கில் நடித்துவிட்டுத்தான் கேமரா முன்னால் வந்தார் என்பதை உங்களில் ஒருவராவது சொன்னீர்களா?

டான்டியை மேடை கைவிடவில்லை. 1978-ல் 'தி ஜின் கேம்' நாடகத்துக்காக மறுபடியும் டோனி. ஹாலிவுட்டுக்கு ஞானம் பிறந்து ஆஸ்கர் கொடுத்தபோது அவருக்கு வயது 80. படம் 'டிரைவிங் மிஸ் டெய்சி'. அதுவும் முதலில் நாடகம்தான், நடுவர் அவர்களே!

அடுத்து வயோலா டேவிஸ். இவரிடம் கொஞ்சம் நேரம் நிற்கிறேன். 2008-ல் வந்த 'டவுட்' படத்தில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு காட்சி. எதிரில் யார்? பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரீயாக மெரில் ஸ்ட்ரீப். வயோலா அந்தப் பள்ளி மாணவன் ஒருவனின் தாய். பையனிடம் பாதிரியார் தப்பாக நடந்துகொள்கிறாரோ என்ற சந்தேகத்தைக் கன்னியாஸ்திரீ தாயிடம் சொல்கிறார். அந்தத் தாயோ, படிப்பு முடிய இன்னும் சில மாதம்தானே, அதுவரை விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறாள். குளிரில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். கண்ணீர் வழிகிறது, மூக்கும் ஒழுகுகிறது. திரையில் அழகாகத் தெரியவேண்டும் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. அந்த ஒரு காட்சிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

இதைத் திரையின் சாதனை என்பீர்கள். அந்தப் படமே ஒரு நாடகத்திலிருந்து வந்தது. அதே தாயாக, அதே ஒற்றைக் காட்சியில் நடித்து ஏட்ரியன் லெனாக்ஸ் 2005-லேயே டோனி வாங்கிவிட்டார். வயோலா, நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் பயின்று 2001-ல் டோனி வென்றவர். மெரில் ஸ்ட்ரீப் மட்டும் என்ன, முதல் படம் வெளிவரும் முன்பே பிராட்வேயில் நடித்து டோனி பரிந்துரை பெற்றவர்தானே!

அப்புறம் 'ஃபென்சஸ்'. 2010-ல் டென்சல் வாஷிங்டனோடு வயோலா ஏறத்தாழ மூன்று மாதம், வாரத்துக்கு 8 காட்சி என்று பிராட்வேயில் நடித்தார். கணவனின் துரோகம் தெரிந்து வெடிக்கும் மனைவி வேடம். நேற்று ராத்திரி அழுத அழுகையை இன்றும் புதிதாக அழவேண்டும், ரீடேக் கிடையாது. அதற்கும் டோனி. 2016-ல் டென்சலே அதைப் படமாக்கினார், பெரும்பாலும் அதே நடிகர்களை வைத்து. வயோலாவுக்கு ஆஸ்கர். மேடையிடம் வாங்கிய கடனில் வீடு கட்டிவிட்டு, வீடு என்னுடையது என்கிறது திரை!

சின்னத்திரையையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 'ரோசேன்' தொடருக்காக, டிவிக்குத் தரும் எம்மி விருதை மூன்று முறை வாங்கிய லாரி மெட்காஃப் எங்கிருந்து வந்தார்? சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழுவிலிருந்து. திரும்ப எங்கே போனார்? 2017, 2018 என்று அடுத்தடுத்து இரண்டு டோனி வாங்க மேடைக்கு. டிவியில் சம்பளம் அதிகம் என்றால் ஆமாம், அதில் எதிரணிக்கு முழு மதிப்பெண். தலைப்பு சம்பளமா, புகழா?

நடுவரின் கை மணியை நோக்கிப் போகிறது. இன்னும் ஒருவர்தான். சிசிலி டைசன் 2013-ல், 88 வயதில், 'தி டிரிப் டு பவுண்டிஃபுல்' நாடகத்துக்காக டோனி வாங்கினார். அதில் ஒரு பழைய தேவாலயப் பாடலை அவர் பாடத் தொடங்கியதும், பார்வையாளர்கள் இருந்த இடத்திலிருந்தே சேர்ந்து பாடினார்கள். சினிமாக் கொட்டகையில் நாம் சேர்ந்து பாடலாம், நடிகைக்குக் கேட்காது. சிசிலிக்குக் கேட்டது. 2015-ல் 90 வயதில் மறுபடி பிராட்வே வந்தார், டான்டி நடித்த அதே 'ஜின் கேம்' நாடகத்துக்கு. மொத்தமே இரண்டு பாத்திரம். 90 வயதுப் பெண்ணை நம்பி அதில் பாதியை ஒப்படைத்தது மேடை. அப்படி ஒப்படைத்த ஸ்டூடியோ எது என்று அடுத்துப் பேச வரும் எதிரணி ஐயா சொல்லட்டும். நன்றி, வணக்கம்.