பள்ளி மதிப்பெண்ணும் வீட்டு வரியும்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் வீடு தேடும் நம் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?’ என்றுதான்; அதாவது, அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் எப்படி என்று. வீட்டு விளம்பரத்திலேயே பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று பள்ளிக்கு மதிப்பெண் போட்டிருக்கும். பள்ளி எவ்வளவு நன்றாகச் சொல்லித்தருகிறது என்பதற்கான அளவு அது என்று நம்பிவிடுகிறோம். பெரும்பாலும் அது காட்டுவது அங்கே குடியிருப்பவர்களின் வருமானத்தைத்தான்.

இந்த நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பள்ளிச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு உள்ளூரிலேயே திரட்டப்படுகிறது. அதில் பெரும்பகுதி வீட்டுக்கும் நிலத்துக்கும் கட்டும் சொத்து வரி. அப்படியானால் வீட்டு விலை குறைந்த ஊரில் என்ன நடக்கும்?

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தைப் பாருங்கள். 1967-68 கல்வியாண்டு. ஒரே நகரப் பகுதியில் இரண்டு மாவட்டங்கள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அலமோ ஹைட்ஸில் வசதியானவர்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட்தான்; ஒரு மாணவருக்கு 333 டாலர் கிடைத்தது! ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டியும் அவர்கள் பிள்ளைகளுக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மாநில, மத்திய அரசுப் பணத்தைச் சேர்த்த பிறகும் 356 டாலர், 594 டாலர் என்ற இடைவெளி நின்றது.

எட்ஜ்வுட் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, மத்திய அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கு. இனப் பிரிவினையைப் போக்க நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் மாவட்ட எல்லை தாண்டிச் சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்தை அதே நீதிமன்றம், அதே ஐந்துக்கு நான்கில், நிராகரித்தது. ஆக, பணமும் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை, பிள்ளைகளும் தாண்ட வேண்டியதில்லை என்றாகிவிட்டது. தாண்டினால் என்ன ஆகும்? 2011-இல் ஒஹாயோவில் ஒரு தாய், தன் தந்தையின் முகவரியைக் கொடுத்து மகள்களைத் தான் குடியிருக்காத வேறு மாவட்டத்தில் படிக்கவைத்தார் என்பதற்காகச் சிறைக்குப் போனார்.

யார் எங்கே குடியிருப்பது என்பதும் தானாக அமைந்ததல்ல. 1930களிலிருந்து கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை அரசின் வீட்டுக்கடன் காப்புறுதித் திட்டம் ஒதுக்கியே வைத்தது. சொத்து சேராத இடத்தில் சொத்து வரி எங்கிருந்து வரும்?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன், நாடு முழுவதும் தேர்வு முடிவுகளைத் திரட்டி ஒப்பிட்டார். மிக வசதியான மாவட்டங்களின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மிக ஏழை மாவட்டங்களின் பிள்ளைகளைவிட ஏறக்குறைய நான்கு வகுப்பு முன்னால் இருந்தார்கள். நான்கு வகுப்பு! ஒரே நாடு, ஒரே வயது.

அதே ரியர்டன் கண்ட இன்னொரு விஷயத்தை நாம் பேசுவதே இல்லை. சிகாகோவின் சராசரி மதிப்பெண் குறைவு. ஆனால் 2009 முதல் 2014 வரை, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு போவதற்குள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் படிப்பை அந்தப் பிள்ளைகள் எட்டினார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் அது ‘மோசமான’ மாவட்டம். அங்கே ஆசிரியர்கள் செய்த வேலையோ பல பணக்கார ஊர்களில் நடப்பதைவிடப் பெரிது. இதை எண்ணினால் எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை.

சரி, பணம் கொடுத்தால் மட்டும் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். பள்ளியைவிடக் குடும்பப் பின்னணியே முக்கியம் என்று 1966-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அரசுக்காகத் தயாரான கோல்மன் அறிக்கை சொன்னது. வாடகை ஏறியதால் வருட நடுவில் வீடு மாறி, பள்ளி மாறி, பின்னத்தைப் பாதியில் விட்டுவந்த பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அதிலுள்ள உண்மை தெரியும். ஆனால் அதையே சாக்காக வைத்து ‘செலவு செய்து பயனில்லை’ என்று பலர் பேசினார்கள். பிற்பாடு பொருளாதார ஆய்வாளர் கிராபோ ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும், மாநில நீதிமன்றங்களின் உத்தரவுகளால் நிதி கூடிய மாவட்டங்களின் பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு பள்ளி ஆண்டுகளிலும் பத்து சதவீதம் கூடுதல் செலவு கிடைத்த ஏழைப் பிள்ளைகள் கிட்டத்தட்ட அரை ஆண்டு அதிகம் படித்தார்கள். பிற்காலத்தில் அவர்கள் சம்பளமும் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடியது.

உங்கள் பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை தேடும்போது, ரியர்டன் திரட்டிய தேர்வு முடிவுகள் உள்ள ஸ்டான்ஃபோர்ட் இணையதளத்தையும் திறந்து பாருங்கள், இலவசம்தான். சராசரி மதிப்பெண் தனியாகவும், ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பது தனியாகவும் இருக்கும். இரண்டாவதை முதலில் பாருங்கள். அப்புறம், பக்கத்து மாவட்டத்துக்கு மாநில நிதி கூட்டும் மசோதா வரும்போது, அதை எதிர்க்கும் வரிசையில் போய் நிற்காதீர்கள்.