கூச்சப்படுற குருவி ஏன் இன்னும் அழியல?

வணக்கம் மக்களே! போன வாரம் ஒருத்தங்க வீட்டுக்குப் போயிருந்தேன். கதவுக்குப் பின்னாடி நின்னு ஒரு குட்டிப் பொண்ணு எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தா. "இவ இப்படித்தான், யார்கிட்டயும் ஒட்ட மாட்டா"ன்னு அவ காதுபடவே அவங்கம்மா சொன்னாங்க. எனக்கு மனசே கேக்கல. அதான் இந்தக் குருவிக் கதை.

நெதர்லாந்துல ஆர்ன்ஹெம் ஊர்ப் பக்கம் காட்டுல ஒரு பட்டாணிக் குருவி. மஞ்சள் வயிறு, நடுவுல டை கட்டின மாதிரி கறுப்புப் பட்டை. நம்ம ஊட்டி, கொடைக்கானல்ல பார்க்கிறோமே, அதோட நெருங்கின சொந்தம். ஆராய்ச்சியாளருங்க இதைப் பிடிச்சு, ராத்திரி வச்சிருந்து, காலையில 4 மீட்டர் நீள ரூம்ல விடுறாங்க. உள்ள கட்டையால செஞ்ச 5 மரம். முதல் ரெண்டு நிமிஷத்துல எத்தனை தடவை பறக்குது, தாவுது, அவ்வளவுதான் டெஸ்ட். ஒண்ணு விட்டதும் சர்ருனு எல்லா மரத்தையும் சுத்திடும். இன்னொண்ணு உக்காந்த கிளையை விட்டு அசையாது, அதுதான் நம்ம கூச்சக்காரக் குருவி.

வேகமானதுக்கு வேகமானது, நிதானமானதுக்கு நிதானமானதுன்னு 4 தலைமுறை ஜோடி சேர்த்தாங்க. குஞ்சுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுச்சு. அப்போ இந்தக் குணம் ரத்தத்துலயே வருது. சரி, துணிச்சல்தான் ஜெயிக்கும்னா மத்தது எப்பவோ அழிஞ்சிருக்கணுமே?

இங்கதாங்க பீச் (beech) மரம் வருது, பழம் தர்ற பீச் இல்ல, இது காட்டு மரம். குளிர்காலத்துல இந்தக் குருவிக்கு அதோட கொட்டைதான் பெரிய சாப்பாடு. சில வருஷம் கொட்டும், சில வருஷம் ஒண்ணுமே இருக்காது. பஞ்ச வருஷத்துல சண்டை போட்டுத் தின்ன வேகமான பொட்டைங்க பிழைச்சுது. ஆனா குருவி குறைஞ்சதால இடத்துக்குப் போட்டி இல்ல, அதனால நிதானமான ஆண்கள் தப்பிச்சுது. விளைஞ்ச வருஷத்துல அப்படியே தலைகீழ்!

மனுஷங்க கதையும் கிட்டத்தட்ட இதான். பிரிட்டன்ல 545 பேர்கிட்ட டேனியல் நெட்டில்ங்கிற ஆராய்ச்சியாளர் 2005ல பார்த்தது: கலகலன்னு பழகுறவங்களுக்குத் துணை அதிகம். விபத்து, நோய்னு ஆஸ்பத்திரியில படுத்ததும் அவங்கதான் அதிகம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். தீனி வைக்கிற இடத்தை மாத்தினா, வேகமான குருவி பழைய இடத்துக்கே போய்ப் போய் நிக்குமாம். நிதானமானது சுத்திலும் பார்க்கும், மாறினதைக் கண்டுக்கும்.

அன்னைக்குக் கிளம்பி வாசல் வரைக்கும் வந்துட்டேன். அந்தக் குட்டி மெதுவா பின்னாடியே வந்து சொன்னா: "அக்கா, உங்க பையில ஜிப் தொறந்திருக்கு."