உசிருக்கு ஆபத்து எப்போ ஆரம்பிக்குது?

வணக்கம் உறவுகளே. வெளிய நல்ல மழை, சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க. பொகவந்தலாவையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அக்கா, கரு கர்ப்பப்பைக்கு வராம குழாயிலயே தங்கிருச்சுன்னா, அதை எடுக்கிறது சட்டப்படி குத்தமா?"

இல்லம்மா. நம்ம இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ல வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. அதுல 303ஆம் பிரிவு, கருவைக் கலைச்சா மூணு வருஷம் வரைக்கும் சிறைங்குது. புள்ள அசைய ஆரம்பிச்சிருந்தா ஏழு. தாயோட உசிரைக் காப்பாத்த நல்லெண்ணத்துல செஞ்சா மட்டும் விலக்கு. குழாய்க் கர்ப்பம் அந்த விலக்குக்குள்ள வந்துரும். அந்தக் கருவைக் கர்ப்பப்பைக்கு மாத்தி வைக்க முடியாது. குழாய் வெடிச்சா, தாய்க்கு உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிரும்.

எனக்குக் கவலை வேற இடத்துல. உசிருக்கு ஆபத்து எந்த நேரத்துல ஆரம்பிக்குதுன்னு அந்தச் சட்டம் சொல்லல. நாலாம் மாசம் பன்னீர்குடம் உடையுது, புள்ளைக்குத் துடிப்பு இருக்கு, தாய்க்கு இன்னும் காய்ச்சல் வரல. டாக்டர் என்ன செய்வாரு? காத்திருந்தா கிருமி ரத்தத்துல ஏறும். அயர்லாந்துல 2012ல சவிதா ஹலப்பனவர், இந்தியாவுல இருந்து போன பொண்ணு, 17ஆவது வாரத்துல இப்படித்தான் செத்துப் போனாங்க. கருவை எடுத்துருங்கன்னு அவங்களே கேட்டாங்க, துடிப்பு இருக்குன்னு செய்யல. அங்கயும் சட்டம் உசிரை மட்டும்தான் பார்த்துச்சு, உடம்பைப் பார்க்கல. 2018ல அந்த நாட்டுச் சனங்க ஓட்டுப் போட்டு அந்தத் தடையை எடுத்தாங்க. நம்ம நாட்டுலயும் இதை மாத்தியே ஆகணும், நான் பட்டுன்னு சொல்லிடுறேன்.

இங்க தேயிலைத் தோட்டத்துல இன்னொரு பயம் இருக்கு. ரத்தம் பட்டா, பொலிஸ் கேஸ் ஆகிருமோன்னு லயத்து வீட்டுலயே சுருண்டு படுத்துக்கிறது. தானா கலையிறது எந்தச் சட்டத்துலயும் குத்தமில்ல. ரத்தப்போக்குக்கு வைத்தியம் பார்க்கிறதும் குத்தமில்ல.

கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு ஒண்ணு. மாசம் தள்ளிப் போயிருக்கு, அடிவயித்துல ஒரு பக்கம் வலி, தோள்பட்டை நுனியிலயும் வலின்னா, கூடை சுமந்த வலின்னு தைலம் தேய்ச்சிட்டுப் படுக்காதீங்க. உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் தோள்ல வலிக்கும். உடனே 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். கடைசியா தலைக்குக் குளிச்ச தேதியை முதல்ல சொல்லுங்க, பக்கத்துல மாமியார் நின்னாலும் சரி.